சோம்பேறிங்களுக்கு இன்னொரு லீவாம்

நேத்து நம்ம ஹூஸ்டன் குரூப்ல ஓடுன பேச்சைப் பார்த்தவங்களுக்கு எதைச் சொல்றேன்னு தெரியும். ஜூன்டீன்த்துக்கு, அதான் ஜூன் 19, இங்க அமெரிக்காவுல கறுப்பின மக்களோட அடிமை விடுதலை நாள், அன்னிக்கு பேங்க் உண்டான்னு ஒருத்தர் கேட்டாரு, அதுக்கு ஒரு அண்ணன் "சோம்பேறிங்களுக்கு இன்னொரு லீவு"ன்னு எழுதுறாரு, கீழ வரிசையா சிரிப்பு எமோஜி. ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

நாம பீச்சுக்குப் போற அதே கால்வெஸ்டன்லதான் 1865 ஜூன் 19 அன்னிக்கு வடக்குப் படையோட ஜெனரல் கிரேஞ்சர் அடிமைங்களுக்கு விடுதலைன்னு ஆர்டர் போட்டாரு. லிங்கனோட அடிமை விடுதலைப் பிரகடனம் வந்து ரெண்டரை வருஷம் ஆகியும் டெக்சஸ்ல சுமார் ரெண்டரை லட்சம் பேர் அடிமையாவே இருந்தாங்க. அந்த ஆர்டரை முழுசா படிங்க. எல்லாருக்கும் விடுதலைன்னு சொல்லிட்டு, கூடவே, இருக்குற இடத்துலயே அமைதியா இருந்து கூலிக்கு வேலை பாருங்க, சும்மா இருக்குறவங்களுக்கு ஆதரவு கிடையாதுன்னும் சொல்லுது. தலைமுறை தலைமுறையா கூலியே இல்லாம பருத்தி எடுத்தவங்ககிட்ட! அன்னிக்கு சொன்ன அதே பேச்சத்தான் இன்னிக்கு நம்மாளு சொல்றாரு.

இந்த லீவு யாரும் சும்மா தூக்கிக் குடுத்தது இல்லங்க. அடிமையா இருந்தவங்களே 1872ல காசு சேர்த்து, ஜாக் யேட்ஸ்ங்கிற பாதிரியார் முன்னால நின்னு, இந்த நாளைக் கொண்டாடறதுக்குன்னே 10 ஏக்கர் வாங்குனாங்க, அதான் நம்ம ஊரு எமான்சிபேஷன் பார்க். டெக்சஸ் லீவு விட்டது 1980ல. இதை நாடு முழுக்க லீவாக்கணும்னு டெக்சஸ்காரங்க ஓபல் லீ அம்மா 2016ல 89 வயசுல வாஷிங்டனுக்கு நடக்கக் கிளம்புனாங்க, 2021லதான் ஃபெடரல் லீவாச்சு.

"ஜூலை 4 போதாதா"ம்பீங்க. 1776ல சுதந்திரம் அறிவிச்சப்ப இங்க இருந்த கறுப்பின மக்கள்ல பெரும்பாலானவங்க அடிமைங்க, எந்த சுதந்திரத்தைக் கொண்டாடறது? பிசினஸ் கெடும்னா, தனியார் கம்பெனி லீவு விட்டே ஆகணும்னு சட்டமே இல்ல, விடுங்க. "நமக்கென்ன சம்பந்தம்"னு கேக்குறீங்க பாருங்க, அதான் வலிக்குது. அமெரிக்காவுல குடியேற 1946லருந்து இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர்தான் கோட்டா இருந்துச்சு. கறுப்பின மக்கள் சம உரிமைக்காக ரோட்ல அடி வாங்கிப் போராடலன்னா அந்தக் கோட்டாவை எடுத்த 1965 இமிக்ரேஷன் சட்டம் ஏது, நாம ஏது?

இதுவரைக்கும் இங்க சொல்லாததையும் சொல்லிடறேன். எங்க தாத்தா திருவாரூர் பக்கம் பண்ணையாள். சாணிப்பாலும் சவுக்கடியும் நான் புக்ல படிச்சுத் தெரிஞ்சுக்கல. காய்ச்சல்ல ஒரு நாள் படுத்ததுக்கு, இதே வார்த்தையைச் சொல்லித்தான் பண்ணையில அவரை அடிச்சாங்கன்னு அப்பாயி சொல்லும். சோம்பேறின்னு.

அண்ணே, உங்க வீட்ல பொங்கலுக்கு உக்காந்து சாப்பிட்டவன் நான். 19ஆம் தேதி நானும் பொண்ணும் அந்த பார்க்லதான் இருப்போம். அந்த வரியை அழிச்சுட்டு நீங்களும் வாங்க.