கேஜ் நட்டும் கை நகமும்

சர்வர் வாங்க ஆயிரம் மீட்டிங் போடுவார்கள். அதை ரேக்கில், அதாவது சர்வர்களை அடுக்கிவைக்கிற இரும்பு அலமாரியில், மாட்ட இன்னொரு ஆள் கேட்டால் மட்டும், "ஒருத்தர் போதாதா?"

போதாதுங்க. ஒருத்தர் தூக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் ரெயிலில், அதான் அது சறுக்கி உள்ளே போகிற சட்டத்தில், சேர்க்க வேண்டாமா?

அதுகூடப் பரவாயில்லை. யுபிஎஸ்ஸை உச்சியில் மாட்டிவைத்த புண்ணியவான் யாரென்றுதான் தெரியவில்லை! பேட்டரிக் கனம் அத்தனையும் அடித்தட்டில் இருக்க வேண்டியது. ரேக்கின் உயரத்தை 'யூ' என்ற அடுக்குக் கணக்கில் சொல்வார்கள்; 42யூ ரேக் என்றால் சுமார் 2 மீட்டர் உயரம். தலைக்கனத்தோடு நிற்கிற அதில் ஒரு சர்வரை ரெயிலோடு முன்னால் இழுத்தால் மொத்தமும் ஆள்மேல் சாயும். அதைத் தடுக்கத்தான் முன்பக்கத் தாங்குகால் தருகிறார்கள். அது பிரிக்காத கவரோடு ரேக்கின் மேலேயே தூசி தின்றுகொண்டிருக்கிறது.

அப்புறம் இந்தக் கேஜ் நட், ரேக்கின் ஓட்டையில் செருகி ஸ்க்ரூவை முடுக்குகிற கூண்டு நட்டு. சதுர ஓட்டைக்குள் அதன் ஸ்பிரிங் காதை அமுக்கி நுழைக்க ஒரு சின்னக் கொக்கி உண்டு. வேண்டும்போது அது கண்ணில் படவே படாது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வழுக்கி நகக்கண்ணில் ஏறும். ஓட்டைகளாவது சீராக இருக்கிறதா? யூவுக்கு மூன்று, இடைவெளி 15.9, 15.9, 12.7 மில்லிமீட்டர். பின்பக்கம் நட்டை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டால் ரெயில் கோணிக்கொள்ளும், சர்வர் பாதி வழியில் சிக்கி நிற்கும்.

சரியாக அந்த நேரத்தில்தான் கதவைத் திறந்து ஒருத்தர் எட்டிப் பார்ப்பார்: "இன்னும் முடியலையா?"