சூடேறும் கண்ணாடியில் ஒளிவிலகல் எண் எப்போதும் குறைவதில்லை

கண்ணாடி சூடேறினால் விரிந்து அடர்த்தி குறைவதால் அதன் ஒளிவிலகல் எண்ணும் (ஒளியின் வேகத்தை அது எத்தனை மடங்கு குறைக்கிறது என்பதைக் காட்டும் எண்) குறைந்தே தீரும் என்று ஒரு கட்டுரை சொல்வது பாதி உண்மை மட்டுமே. வெப்பம் ஏறும்போது கண்ணாடியின் புற ஊதா உட்கவர்தல் எல்லை (எந்த அலைநீளத்துக்குக் கீழே கண்ணாடி புற ஊதா ஒளியை விழுங்கத் தொடங்குகிறதோ அது) நெடிய அலைநீளத்தை நோக்கி நகர்வதால், முனைவாக்கத்திறன் (ஒளியின் மின்புலத்தால் எலெக்ட்ரான்கள் இடம்பெயரும் எளிமை) கூடி ஒளிவிலகல் எண்ணை உயர்த்தப் பார்க்கிறது. இவ்விரண்டில் எது மேலோங்குகிறது என்பது கண்ணாடியின் வகையைப் பொறுத்தது. பிகே7 என்ற போரோசிலிக்கேட் ஒளியியல் கண்ணாடியில் (எண் 1.5168) இரண்டாவதே வெல்கிறது, காற்றோடு ஒப்பிட்ட எண் ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.000003 கூடுகிறது. ஃபுளோரைடு மிகுந்த கண்ணாடிகளிலோ குறைகிறது. காற்றின் எண்ணும் வெப்பத்தால் மாறுவதால், மதிப்பு வெற்றிடத்தோடு ஒப்பிட்டதா, காற்றோடு ஒப்பிட்டதா என்பதையும் அக்கட்டுரையில் அவசியம் சேர்க்க வேண்டும்.

எங்கள் காரைக்குடியில் மார்கழிக் காலைக்கும் சித்திரை நண்பகலுக்கும் ஆய்வகத்தில் 15 டிகிரி வேறுபட்டாலும், 60 பாகை பிகே7 முப்பட்டகத்தின் சிறும விலகு கோணம் (ஒளிக்கதிர் முப்பட்டகத்தில் திரும்பும் மிகக் குறைந்த கோணம்) கால் கோண நிமிட (ஒரு பாகையில் 60 நிமிடங்கள்) அளவுக்கே மாறும் என்பதால், ஒரு கோண நிமிட மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) கொண்ட கல்லூரி நிறமாலைமானியில் மாணவர்கள் அதைக் காண இயலாது. அக்ரிலிக் வில்லைகளில் நிலைமை வேறு: அவற்றின் எண் டிகிரிக்கு ஏறத்தாழ 0.0001 குறைவதால், குவியம் இடம் மாறுவதைப் புறக்கணிக்க முடியாது.