ஆமாம், கொடிமலைக்குக் கூட்டிப்போகவில்லை

என்னைப் பார்க்க வந்த தோழியின் கடற்கரைப் படத்துக்குக் கீழே நேற்று நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். "பினாங்கு வரை வந்தவளைக் கடற்கரையில் உட்காரவைத்தே அனுப்பிவிட்டாயா? கொடிமலைகூடக் காட்டவில்லையா?" என்று ஆரம்பித்து, கடைசியில் நான் கஞ்சப்பிசினாரி என்பதுவரை தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சரி, என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆமாம், கூட்டிப்போகவில்லை. அவள் கேட்கவில்லை.

அவள் கோலாலம்பூரில் மருத்துவமனைத் தாதி. இரவு வேலை முடித்து, குளித்த தலை காயாமலே ரயில் ஏறியவள். பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரிக்குக் காத்திருந்தபோது எனக்கு அனுப்பிய செய்தி: "தூக்கம் வேணும்டி." அவள் போட்ட பயணத் திட்டம் அவ்வளவுதான். வந்தவருக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுப்பதுதானே விருந்து? ஊருக்கு எது பெருமையோ அதை அவள் தலையில் கட்டுவதா?

கொடிமலையும் (Penang Hill), 1923-இல் ஓடத் தொடங்கிய அதன் மலை ரயிலும் அடுத்த தடவையும் அங்கேயேதான் இருக்கும். உச்சி 833 மீட்டர். சனிக்கிழமை அடிவாரத்தில் நிற்கும் வரிசை அதைவிட நீளம். கண் சொருகிக்கொண்டு வந்தவளை அங்கே நிறுத்தி, மேலே கூட்டிப்போய்ப் படம் எடுத்து, நீங்களெல்லாம் லைக் போட்டால்தான் நான் நல்ல தோழியா? மலைதான் முக்கியம் என்றால் ஃபெரித் துறையில் 204 பேருந்து ஏறினால் போதும், யாரையும் கெஞ்ச வேண்டாம்.

அவள் மறுநாள் மதியம்வரை தூங்கினாள். அறையில் மெத்தை போட்டிருந்தும், காற்று வருகிறது என்று பால்கனிக் கதவோரம் பாயில். எழுந்து நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, நெத்திலித் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டபடி மேலதிகாரியைத் திட்டித் தீர்த்தாள். நான் சம்பால் வதக்கினேன். சாயங்காலம் தஞ்சோங் பூங்கா கடற்கரை. கணுக்காலுக்கு மேல் இறங்கவில்லை. ஜெல்லி மீன் பயம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வானம் தெளிவாக இருந்ததால் அக்கரையில் கெடாவின் ஜெராய் மலை தெரிந்தது. "இதோ, மலையும் பார்த்தாச்சு" என்றாள். போதுமா?

"கொஞ்சமாவது காரில் சுற்றிக் காட்டியிருக்கலாமே" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். நியாயம் இருக்கலாம். ஆனால் வார இறுதியில் பத்து பெரிங்கி சாலையில் கார் ஓட்டியிருக்கிறீர்களா அக்கா? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் வளைந்து வளைந்து போகும் சாலை. அங்கே காட்டுவதென்றால் முன்னால் நிற்கும் காரின் பின்பக்கத்தைத்தான் காட்ட வேண்டும்.

"செலவுக்குப் பயந்துவிட்டாள்" என்ற அண்ணனுக்குப் பதிலே சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருகிற சொந்தபந்தம் என் வீட்டுக் கூடத்தில்தான் படுத்து எழுந்து போகிறது அண்ணா, உங்களையும் சேர்த்து. விடியற்காலையில் எல்லாருக்கும் கோப்பி கலக்கியவள் நான். ஊர் போய்ச் சேர்ந்தோம் என்று ஒரு செய்தி? கிடையாது. அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு போன்? அதுவும் கிடையாது. அப்போது வேலைக்குப் போகும் முன் கூப்பிட்டு, மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று பொறுமையாகச் சொன்னவள் அவள். அவளை எப்படி உபசரிக்க வேண்டும் என்று எனக்கு நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள். நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கஞ்சப்பிசினாரிக் கமெண்டுக்கு அவளும் ஒரு சிரிப்பு இமோஜி போட்டிருக்கிறாள். விளையாட்டுக்குத்தான், தெரியும். கேட்டால் "லூசு, இதுக்கெல்லாமா" என்பாள். இருந்தாலும், "தூங்கத்தான் போனேன், நான்தான் கேட்டேன்" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நானும் இன்னும் கேட்கவில்லை. இன்று இரவும் அவளுக்கு வேலை.

அப்புறம், அடுத்த தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் இப்போதே ஹோட்டல் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.