வீடு கட்டிக் கொடுத்தால் ஊர் திரும்பிவிடுமா?

'ட்ரெமே' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கச் சொன்னால், "ரொம்ப மெதுவாப் போகுது" என்று நண்பர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

2005 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவைக் கத்ரீனா புயல் தாக்கியது. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் 80 சதவீதம் தண்ணீரில் மூழ்கியது. தொடரின் கதை அதற்கு மூன்று மாதம் கழித்து அந்த நகரத்தில் தொடங்குகிறது. டேவிட் சைமனும் எரிக் ஓவர்மையரும் உருவாக்கியது. 2010 முதல் 2013 வரை நான்கு சீசன்.

அதில் ஆல்பர்ட் என்று ஒரு பெரியவர். மார்டி கிரா திருவிழாவுக்கு இறகும் பாசிமணியும் கோத்துக் கையாலேயே உடை தைத்து ஆடிவரும் கறுப்பின மக்கள் குழு ஒன்றின் தலைவர். திரும்பி வந்தால் வீடு குடியிருக்க லாயக்கில்லை. சேறு அப்பிக் கிடந்த ஒரு மதுக்கடையைக் கழுவி, அங்கேயே தங்கி, அடுத்த திருவிழாவுக்கு ஊசி நூலை எடுத்துவிடுகிறார். மகனுக்குக்கூட அது புரியவில்லை. மதுரைக்காரர்களுக்குப் புரியும். அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச விரதமிருந்து, கருப்பசாமி உடுப்பையும் துருத்தியையும் எடுத்துவைக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

(முதல் சீசன் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) புயலில் காணாமல்போன தம்பியைத் தேடி அலையும் லடோனா, அவன் செத்துவிட்டான் என்று தெரிந்த பிறகும் பெற்ற தாயிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாள். திருவிழா முடியட்டும் என்று. காப்புக் கட்டிய ஊரில் பிறந்த யாருக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது மதுரையிலிருந்து அரிசி, பாய், போர்வை என்று வண்டி வண்டியாக டெல்டாவுக்குப் போனது. பெருமைதான். அரசும் தென்னைக்குக் கணக்குப் போட்டது. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500. சரி, நனைந்து தோல் கிழிந்த தவிலுக்கு யார் கணக்குப் போட்டது? அந்த வருஷத்துத் திருவிழா நின்றுபோனால் மேளக்காரர் வீட்டில் என்ன எரியும்? 2020, 2021 சித்திரையில் கொரோனாவால் கூட்டமில்லாமல் போனபோது இங்கேயே அதைப் பார்த்தோம். எங்கள் பக்கத்துத் தெரு தவில்காரர் சித்தாள் வேலைக்குப் போனார். வாசித்த கை செங்கல் சுமந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அந்தத் தொடரிலும் டிராம்போன் என்ற ஊதுகருவி வாசிக்கும் அன்ட்வான் டாக்சிக்காரரிடம் வண்டிக் கட்டணத்துக்குப் பேரம் பேசிக்கொண்டேதான் வாசிக்கப் போகிறான். கலைஞனைத் தெய்வமாக்காமல், அவன் அன்றாடச் செலவைக் காட்டுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அடுத்த புயலுக்குப் பிறகு சேதம் கணக்கெடுக்கும் படிவத்தில் தவில், நாதஸ்வரம், பறை, கரகம், உடுப்புப் பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரு இடம் இருக்க வேண்டும். நிவாரணம் திரட்டும் தம்பி தங்கைகளிடமும் ஒன்று கேட்கிறேன். அரிசி மூட்டையோடு, அந்த ஊர்க் கோயில் கமிட்டியைப் பார்த்து, வரப்போகும் திருவிழாவுக்கு உள்ளூர் மேளத்துக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வாருங்கள்.