சுவரில் ஏறும் ஓதமும் மார்பில் கேட்கும் இழுப்பும்

சென்ற ஐப்பசியில், ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக மகளுக்கு நெபுலைசர் வைத்துவிட்டு வீடு திரும்பிய இரவில்தான், அவளுடைய கட்டிலை ஒட்டிய சுவரை நான் சரியாகப் பார்த்தேன். அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்பளித்து உதிர்ந்து, கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. வேளச்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்த வீட்டில், இரண்டு ஆண்டுகளாக அவள் தினமும் ஒன்பது மணி நேரம் அந்தச் சுவரோரமாகத்தான் மூச்சு விட்டிருக்கிறாள். அந்த இரண்டு ஆண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளுக்குக் குறைவே இல்லை. வாழைப்பழம் கொடுக்காதீர்கள், தயிர் வேண்டாம், தலைக்குக் குளிப்பாட்டாதீர்கள், அவளுக்குச் சளி உடம்பு, அப்பா வழியில் வந்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வீட்டுச் சுவர் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்று எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

ஒவ்வாமை என்பதை அந்தக் குழந்தையின் உடம்பில் உள்ள குறையாகவே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். பரம்பரைக்கு அதில் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பரம்பரை நமக்குத் தருவது ஒவ்வாமைக்கான வாய்ப்பை மட்டுமே. எதற்கு ஒவ்வாமை கொள்வது என்பதை உடம்பு கற்றுக்கொள்ளும் இடம் பெரும்பாலும் வீடு, அதிலும் குறிப்பாகப் படுக்கையறை. இதே நகரத்தில், டெங்குக் காலம் வந்துவிட்டால் மாநகராட்சி ஊழியர்கள் வாசல் வரை வந்து, தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்து, மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையைக் கூடக் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். தேங்கிய தண்ணீர் ஒரு குடும்பத்தின் சொந்த விஷயமல்ல, ஊரின் விஷயம் என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். சுவரில் தேங்கிய தண்ணீரை மட்டும் ஏன் இன்னும் குடும்ப விஷயமாகவே வைத்திருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

ஓதத்தின் முதல் கெடுதல் பூஞ்சை. உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு கட்டட ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் என்றே தனி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஈரமான வீடுகளில் வாழ்பவர்களுக்கு மூச்சுக்கோளாறுகளும் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன என்று கூறும் அந்த வழிகாட்டி, இவ்வளவு பூஞ்சை வரை பரவாயில்லை என்று ஓர் எல்லையை வகுத்துத் தரவில்லை. ஈரத்தையே தடுக்க வேண்டும் என்பதுதான் அதன் நிலை. இரண்டாவது கெடுதல் கண்ணுக்குத் தெரியாதது. வீட்டுத் தூசி சிலருக்கு ஆகாது என்பது பழைய அறிவுதான் என்றாலும், தூசிக்குள் இருக்கும் எந்தப் பொருள் ஆகவில்லை என்பது 1964-இல்தான் தெளிவாயிற்று. நெதர்லாந்தின் லைடன் நகரில் ஆய்வு செய்த ஃபோர்ஹோர்ஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும், தூசியில் வாழும் ஒரு நுண்ணிய உண்ணியே அதற்கு மூலம் என்று காட்டினார்கள். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லாத உயிர் அது; எட்டுக் கால்கள் கொண்டது, யாரையும் கடிப்பதில்லை. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துணுக்குகளைத் தின்று வாழ்கிறது. நமக்கு ஒவ்வாமல் போவது முக்கியமாக அதன் எச்சத்தில் உள்ள செரிமானப் புரதம்தான்.

இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி. தனக்கு வேண்டிய ஈரத்தை அது காற்றிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் அது காய்ந்து சாகும். கடலோரத் தமிழ்நாட்டில் அந்த நிலை அதற்கு அபூர்வமாகத்தான் நேர்கிறது. அதனுடன் ஓதமேறிய சுவரையும், சாளரம் திறக்காத அறையையும், நான்கைந்து ஆண்டுகளாக உறை கழற்றாத மெத்தையையும் சேர்த்துக்கொடுத்தால், நாமே அதற்கு விருந்து வைத்தது போலத்தான்.

எங்கள் பாட்டி வீட்டில் இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் வெயில் காலத்தில் மாடிக்குப் போய்விடும். மற்ற நாள்களில் பாயும் ஜமுக்காளமும்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிடுவார்கள். அதை ஒரு பெரிய மருத்துவ ஞானமாக நான் பேச மாட்டேன். இடம் போதாத வீட்டின் ஏற்பாடு அது. ஆனாலும் நேரடி வெயில் தூசி உண்ணியைக் கொல்லும் என்பது ஆஸ்திரேலியாவில் தரைவிரிப்புகளை வெயிலில் போட்டுச் செய்த ஆய்வில் உறுதியான செய்தி. இன்று ஆறடிக்கு ஆறடி ஸ்பிரிங் மெத்தையை மூன்றாவது மாடி அடுக்ககத்திலிருந்து யார் மாடிக்குத் தூக்கிப்போவது? மொட்டைமாடிச் சாவி வேறு சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. போர்வையையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை நன்கு சூடான நீரில், அறுபது டிகிரி அளவில், துவைக்கலாம். அதை நாங்கள் செய்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் அவற்றைக் காயவைப்பது எப்படி என்பதை மட்டும் எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை.

மகளுக்குத் தோல் பரிசோதனை செய்து தூசி உண்ணி ஒவ்வாமை என்று உறுதியான பிறகு, எல்லாரையும் போல நானும் முதலில் கடைக்குத்தான் ஓடினேன். உண்ணி புகாத மெத்தை உறை ஒன்றை, விலையைப் பார்த்துத் திகைத்தபடியே, வாங்கிவந்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, பிரிட்டனில் ஆஸ்துமா உள்ள 1122 பெரியவர்களிடம் அத்தகைய உறைகளை மட்டும் கொடுத்துச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வில், சாதாரண உறை பெற்றவர்களை விட அவர்களுக்குப் பெரிய பலன் ஏதும் கிடைக்கவில்லை என்பது. அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவின் 7 நகரங்களில் 937 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் எது ஒவ்வாது என்று அறிந்து, படுக்கை, கரப்பான், புகை, காற்று என அந்த வீட்டின் பல காரணங்களை ஒருசேரக் கவனித்தார்கள். மூச்சிரைப்பு வந்த நாள்கள் கணிசமாகக் குறைந்தன. அந்தப் பணி முடிந்த மறு ஆண்டிலும் பலன் நீடித்தது. பெரியவர்களும் குழந்தைகளும் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் ஒரே ஒரு பொருளை விற்றுப் பிரச்சினையைத் தீர்க்க முடியாது என்று நான் அதிலிருந்து புரிந்துகொண்டேன். காற்றுத் தூய்மிப்பான் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

கரப்பானைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அருவருப்புக்கு உரியதாகப் பார்க்கிறோமே தவிர, நோய்க் காரணமாகப் பார்ப்பதில்லை. 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நகரத்தின் ஏழ்மையான பகுதிகளில் வாழ்ந்த ஆஸ்துமாக் குழந்தைகளில், கரப்பான் ஒவ்வாமையும் இருந்து படுக்கையறையில் அதன் எச்சமும் மிகுந்திருந்தவர்கள், மற்றவர்களை விட மும்மடங்குக்கும் மேலாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அடுக்ககத்தில் ஒரு வீட்டார் மட்டும் மருந்தடித்தால் கரப்பான் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டுப் பத்து நாளில் திரும்பும். கழிவுநீர்க் குழாய் எல்லாருக்கும் பொது அல்லவா?

புகைக்கு வருவோம். இதில் சிலருடைய மனம் புண்படக்கூடும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். புகை ஒவ்வாமைப் பொருள் அல்ல, எரிச்சலூட்டும் பொருள். ஆனால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழாய்க்கு அந்த வேறுபாடு தெரியாது. கொசுவத்திச் சுருளைப் பற்றி 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்து, ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று கணக்கிட்டது. நம் ஊர்ச் சுருள்கள் அதே அளவா என்பது வேறு விஷயம். கதவைச் சாத்திவிட்டுக் குழந்தையின் கால்மாட்டில் அதைக் கொளுத்தி வைக்கும் வழக்கம் நம் ஊரில் எங்கும் உண்டு. பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டியதும் தலைமுடியைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவதும் அப்படித்தான். என் மாமியாரிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அவர் ஏற்றுக்கொள்ள மூன்று நிமிடம்தான் ஆயிற்று. சாம்பிராணி இப்போது வெள்ளிக்கிழமை மாலையில், சாளரங்கள் திறந்திருக்க, மகள் கீழே விளையாடப் போன நேரத்தில் மட்டும். கொசுவுக்குச் சாளரத்தில் வலையடித்துக்கொண்டோம். அது எங்கள் செலவு.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டைக் கிருமியற்ற ஆய்வகமாக்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று, மரபால் நெருங்கிய இரண்டு விவசாயச் சமூகங்கள் இருக்கின்றன. வீட்டோடு மாட்டுத்தொழுவம் வைத்துப் பழைய முறையில் உழும் ஆமிஷ் குழந்தைகளிடம் ஆஸ்துமா 5 விழுக்காடு; இயந்திரப் பெரும்பண்ணை நடத்தும் ஹட்டரைட் குழந்தைகளிடம் 21 விழுக்காடு. 2016-இல் வெளியான இந்த ஆய்வில், ஆமிஷ் வீட்டுத் தூசியில்தான் பாக்டீரியாக்களின் எச்சம் மிகுதியாக இருந்தது. ஆக, எல்லாத் தூசியும் ஒன்றல்ல. மண்ணிலும் மாட்டிலும் புழங்குவது வேறு, மூடிய அறையில் ஓதத்தையும் உண்ணியையும் சுவாசிப்பது வேறு. வாசனைத் தரைக் கழுவி ஊற்றித் துடைத்தால் சுகாதாரம் வந்துவிடும் என்று நினைத்தால், மூக்குக்கு இன்னோர் எரிச்சல்தான் மிஞ்சும்.

சுத்தம் என்ற சொல்லிடமே எனக்குக் கோபம் உண்டு. குழந்தைக்கு இழுப்பு என்றால் வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை என்று முதலில் கேள்விக்கு ஆளாவது அதன் தாய். என் மனைவி ஒட்டடை அடித்து, மெழுகித் துடைத்து, பூஞ்சையைச் சுரண்டி எடுத்த சுவரில் அடுத்த மழைக்கு அதே பூஞ்சை வந்தது. ஏனென்றால் கசிவு அவள் கைக்கு எட்டாத குழாயில் இருந்தது. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரமும் வெப்பமும் சேர்ந்த பகுதிகளில் வசிக்கும் அறையின் சாளரத் திறப்பு, கதவைச் சேர்க்காமல், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. பத்துக்குப் பத்து அறைக்கு ஏறத்தாழ பதினேழு சதுர அடி. உங்கள் படுக்கையறைச் சாளரத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். எங்களுடையது எட்டு சதுர அடி. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. சமூக வீட்டுவசதி நிறுவனத்தின் வாடகைக் குடியிருப்பில் நெடுங்காலம் பூஞ்சையைச் சுவாசித்ததால் வந்த மூச்சுக்கோளாறே காரணம் என்று 2022-இல் விசாரணை முடிவு சொன்னது. தந்தை 2017 முதலே முறையிட்டிருந்தார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று அனுமானித்துக்கொண்டதைப் பின்னர் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தக் குழந்தையின் பெயராலேயே வழங்கும் சட்டம் 2023-இல் நிறைவேறி, 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது: உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், கடுமையான ஓதமும் பூஞ்சையும் என்றால் பத்து வேலை நாள்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். அங்கேயும் இது இப்போதைக்குச் சமூக வீட்டுவசதிக்கு மட்டுமே. இருந்தாலும் ஓதம் என்பது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

நம்மிடமும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் இருக்கிறது. கட்டடப் பெரும் பழுதும் குழாய் மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணை சொல்கிறது. ஆனால் கேட்ட மறுமாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற அச்சத்தில் எவரும் அட்டவணையை எடுத்துக் காட்டுவதில்லை. கசிவால் குழந்தைக்கு மூச்சிரைப்பு என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால், மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவு வந்து பார்த்து உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். கொசுப்புழுவுக்கு வரும் ஊழியரே சுவரையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போகலாம். கூடுதலாக ஒரு படிவம்தானே தேவை?

நாங்கள் தை மாதம் அந்த வீட்டைக் காலி செய்தோம். முன்பணத்தில் பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். குளியலறைக் குழாயை யாரும் தொடவில்லை; படுக்கையறைச் சுவருக்கு மட்டும் வெளிர்நீலம் அடித்து, வாசலில் டு-லெட் பலகை தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த கடிதங்களை வாங்கப் போனபோது பலகை இல்லை. புதிதாகக் குடிவந்தவர்களின் கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கதவைத் தட்டி, கட்டிலை அந்தச் சுவரோரம் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.