நல்லூரில அரண்மனை தேடி வாறவைக்கு

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா தொடங்க, வெளிநாட்டுச் சொந்தக்காரரும் வந்து இறங்குவினம். நல்லூர் ஒருகாலத்தில யாழ்ப்பாண இராச்சியத்தின்ர ராசதானி, சங்கிலியன் அதின்ர கடைசி அரசன். அதால வந்த கையோட கேக்கிறது ஒண்டுதான்: "சங்கிலியன்ர அரண்மனை எங்க? பிள்ளையளுக்குக் காட்ட வேணும்." தஞ்சாவூரைப் பாத்திட்டு வந்த பிள்ளையள் இஞ்சயும் தர்பார் மண்டபம், சிம்மாசனம், ரிக்கற் கவுண்டர் எல்லாம் இருக்குமெண்டு நினைக்கினம். ஓட்டோக்காரர் நேர மந்திரி மனை எண்ட பழைய கட்டடத்து வாசல்ல இறக்கிவிடுவார். நாலு செல்ஃபி, "எங்கள் மன்னனின் மாளிகை" எண்டு ஒரு பதிவு, முடிஞ்சுது.

மந்திரி மனை அரசன்ர அரண்மனை இல்லை. அந்த வளைவுகளில ஐரோப்பியச் சாயல் அப்பிடியே தெரியுது. அதுக்காகப் போகவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. முகப்பு மரவேலைப்பாட்டைக் கிட்ட நிண்டு பாருங்கோ, வடிவு. அதுக்குப் பக்கத்துச் சுவரில ஆணியால கீறின பேருகள், அம்பு குத்தின இதயம் ஒண்டு. (கீறின தம்பி, உம்மட காதல் நல்லா இருக்கட்டும், சுவரை விடும்.)

இன்னும் சிலர் யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள நிண்டு "இதுதான் எங்கட ராசா இருந்த இடம்" எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுகினம். கொள்ளையடிச்சவன்ர வீட்டைக் காட்டி எங்கட வீடு எண்ட மாதிரித்தான் அது. 1619 இல நல்லூரைப் பிடிச்ச போத்துக்கேயர் சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொலை செய்தாங்கள். 1621 இல கந்தசுவாமி கோயிலை இடிச்சாங்கள். ஆட்சியைக் கடற்கரைப் பக்கம் மாத்திக் கோட்டையைக் கட்டினாங்கள். 1658 இல அது ஒல்லாந்தரிட்ட, அதாவது டச்சுக்காரரிட்டப் போச்சு. அரண்மனை இல்லாமல் போனதே இந்தக் கதையாலதான்.

என்னைக் கேட்டால், அரண்மனையை விட்டிட்டு ராசதானியைப் பாருங்கோ. கிழக்கில வெயிலுகந்த பிள்ளையார், தெற்கில கைலாசநாதர், மேற்கில வீரமாகாளி அம்மன், வடக்கில சட்டநாதர். நகரத்துக்கு நாலு திசையிலும் காவலாக வைச்ச கோயிலுகள் எண்டு யாழ்ப்பாண வைபவமாலை எண்ட பழைய வரலாற்று நூல் சொல்லுது. இப்பத்தைக் கட்டடங்கள் பிறகு எழும்பினவை. ஆனாலும் ஒரு பின்னேரம் சைக்கிள் எடுத்து நாலையும் சுத்தி வந்தால், நகரம் எவ்வளவு பெரிசெண்டு காலுக்கே விளங்கும். ரிக்கற் வாங்கிப் போற எந்த அரண்மனையிலும் இது கிடையாது.

நடுவில பருத்தித்துறை வீதிப்பக்கம் சங்கிலியன் தோப்பு எண்ட பழைய வாசல் வளைவு. பிறகு யமுனா ஏரி. ஏரி எண்டு பேர், பாத்தால் 'ப' வடிவத்தில கட்டின கேணி. அதுக்குப் பக்கத்துக் கிறிஸ்தவத் தேவாலய வளவிலதான் ஆதிக் கந்தசுவாமி கோயில் இருந்ததெண்டு சொல்லுவினம். இப்ப நாங்கள் தேர் இழுக்கிற கோயில் ஒல்லாந்தர் காலத்தில வேற இடத்தில எழும்பினது. இதைப் பிள்ளையளுக்குச் சொல்லிப் பாருங்கோ, கேள்வி மேல கேள்வி வரும்.

போறதெண்டால் நாலு மணிக்குப் பிறகு போங்கோ, வெயில் கொஞ்சம் தணிஞ்சிருக்கும். கோயிலுகளுக்குப் போக வேட்டி, பாவாடை சரி. யமுனா ஏரிப்பக்கம் மட்டும் செருப்பைக் கழட்டாதேங்கோ, முள்ளுக் கிடக்கும்.