பாழாய்க் கிடந்தால்தான் அழகா?

முந்தாநாள் நான் போட்ட, புதுப்பித்த தரங்கம்பாடி பங்களாப் படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "பழசா இருந்தப்ப ஒரு ஃபீல் இருந்துச்சு. இப்ப கேக்குக்கு க்ரீம் தடவுன மாதிரி இருக்கு." அதற்குக் குவிந்த ஹார்ட்டுகள் வேறு. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை.

அங்கே டென்மார்க்காரர்களின் (டேனியர்களின்) கவர்னர் இருந்த பங்களாவைத்தான் சொல்கிறார்கள். 1784இல் கட்டியது. 1845இல் டேனியர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனபின் கோர்ட்டாக இருந்தது, உப்பு ஆபீஸாக இருந்தது, அப்புறம் கேட்பாரற்றுக் கிடந்தது. அந்தக் கடைசிக் காலம்தான் இவர்களுக்கு 'ஃபீல்'.

அது க்ரீம் இல்லை சாமி, சுண்ணாம்புக் காரை. கட்டின அன்றைக்கும் பூசித்தான் கட்டினார்கள். நீங்கள் ரசித்த சிவப்புச் செங்கல் வெளியே தெரியவே கூடாதது. கடற்காற்றில் உப்பு ஏறி, பூத்து, செங்கல் மாவாக உதிரும். சிமென்ட்டைப் பூசினாலோ ஈரம் உள்ளேயே நின்றுபோகும், இன்னும் மோசம். சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டுக் குழைப்பதெல்லாம் நம் கொத்தனார்கள் பரம்பரையாகக் கைவசம் வைத்திருந்த வேலை. அதைப் போய் கேக் என்றால் எனக்குக் கோபம் வராதா?

நான் பக்கத்து ஊர்க்காரன். பள்ளி விட்டால் சைக்கிளில் அந்தப் பங்களாவுக்குப் போவோம். கூரை பிளந்திருக்கும், சுவரில் அரசங்கன்று வேர்விட்டிருக்கும். ஒருநாள் காரைக்கட்டி ஒன்று கூட வந்தவனின் தோளில் விழுந்தது. வீட்டில் மரத்திலிருந்து விழுந்ததாகச் சொன்னோம். விஷயம் தெரிந்தபின் எந்தப் பிள்ளையையும் பங்களாப் பக்கம் விடவில்லை. போன மாதம் என் மகள் அதே தாழ்வாரத்துத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் படத்தைத்தான் போட்டேன்.

"டென்மார்க் காசுல காலனிப் பெருமையைப் புதுப்பிக்கிறதுக்கு உனக்கு என்ன சந்தோஷம்?" என்று ஒருவர். டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம் இதில் பங்கெடுத்தது உண்மைதான். கேள்வியிலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 1620இல் டேனியர்கள் இந்த ஊரில் கோட்டை கட்ட இடம் கொடுத்தவர் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர். கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? இடிந்து விழுந்தால் அவர்கள் உழைப்பும் சேர்ந்துதான் விழும். "இவ்வளவு காசுக்கு ஆஸ்பத்திரி கட்டலாமே" என்றவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. அவர் எல்லாப் பதிவிலும் அதையே கேட்கிறார்.

பாழ் அழகு என்பவர்கள் கொஞ்ச தூரம் நடந்து மாசிலாமணிநாதர் கோயிலைப் பாருங்கள். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதையும் சூரிய உதயத்தோடு படம் பிடித்து ஹார்ட் வாங்கினீர்கள். போன மண்டபத்தை எந்த ஹார்ட் திருப்பித் தரும்?

சரி, சொல்லிவிடுகிறேன். அந்த க்ரீம் கமெண்ட்டைப் போட்டவன் முன்பின் தெரியாத ஆள் இல்லை. கல்லூரியில் என் ரூம்மேட். எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு, "இந்த மாதிரி வீட்டை விட்டுடாதீங்கடா" என்று சொன்னவன். விட்டுவிட்டோம். ஒழுகுகிற கூரை ஓடுகளை மாற்ற வழியில்லை, காரை வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தவர் சொன்ன கூலி கட்டுப்படியாகவில்லை. புல்டோசர் வந்த அன்று அப்பா வீட்டில் இருக்கவில்லை, சீர்காழிக்குப் போய்விட்டார். இன்று அங்கே கான்கிரீட் வீடு. சுவரில் இடுப்பளவு உப்புப் பூத்திருக்கிறது.

அதனால்தான் ஒரு கட்டடத்துக்காவது யாரோ பொறுமையாகக் காரை பூசினார்கள் என்றால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதைக் கேக் என்றவனுக்கு இந்தக் கதை முழுதும் தெரியும். தெரிந்தும் போட்டான்.

கமெண்ட்டை நீக்கச் சொல்லி இன்பாக்ஸில் வந்தவர்களுக்கு: நீக்கமாட்டேன், கிடக்கட்டும். அவன் அடுத்தமுறை வரும்போது பங்களாவுக்குக் கூட்டிப்போய் அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்க்கச் சொல்வேன். சாப்பாடு வழக்கம்போல எங்கள் வீட்டில்தான்.